ஆர்லின் காதுல சொன்னது

இல்ல கர்ட்டிஸ், என் தம்பி உன்கூட வரமாட்டான். ஷெரிப் சொன்னாரா? சொல்லட்டும். நீ அந்த நாற்காலில உக்காரு. போலீஸ் தொப்பிய மடியில வச்சுக்க, மேசையெல்லாம் மாவு. உள்ள எட்டி எட்டிப் பாக்காத. அவன் பின்னாடி கோழிக்குத் தீனி போட்டுட்டு இருக்கான், எங்கயும் ஓடிற மாட்டான்.

மழை வேணும், அதானே? இந்தக் கேன்சஸ்ல யாருக்குத்தான் வேணாம்? அதுக்கு ஆர்லின் தூங்கணுமாக்கும்.

எனக்குப் பாடம் சொல்லாத. அவன் கனவுல கண்டது நடக்கும்னு உங்க எல்லாருக்கும் முந்தி எனக்குத் தெரியும். சின்ன வயசுல ஒருநா எங்க வீட்டு மாடிப்படி எதிர்ப்பக்கமா இருக்கிற மாதிரி கனவு கண்டான். விடிஞ்சு பாத்தா படி எதிர்ப்பக்கம் இருக்கு. எங்கப்பா அந்தப் படில ஏறி எறங்கிப் பாத்தாரு. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு மட்டும் சொன்னாரு. அந்த மனுசனுக்கு இருந்த புத்தி இந்த ஊருல வேற எவனுக்கும் இல்ல.

வெளிய எப்படித் தெரிஞ்சுச்சா? அந்தப் பஞ்சத்துலதான். இங்க வெவசாயம் பண்ற போலன் வீட்டு டிராக்டர ஆர்லின் பழுது பாத்துட்டு, அசதில அங்கயே வண்டி நிழல்ல படுத்துட்டான். போலன் பாவம்னு நெனச்சுட்டே தூங்கியிருக்கான். போலன் நிலத்துல மட்டும் மழை. வேலிக்கு இந்தப்பக்கம் சேறு, அந்தப்பக்கம் புழுதி. அத ஹோபர்ட் பாத்துட்டான்.

ஆமா, உங்க பெரிய மனுசன் ஹோபர்ட்தான். ஊரு கோதுமை மொத்தமும் அவன் கிட்டங்கிலதானே கெடக்கு. மறுநாளே சுட்ட ஆப்பிள் பலகாரம் தூக்கிட்டு வந்து நின்னான். அதுவரைக்கும் எங்க வீட்டு வாசல் எந்தத் திசைல இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியாது. சர்ச்சுக்குப் பின்னால ஒரு அறை, மெத்தை, ஜன்னலுக்குக் கருப்புத் துணி. சாப்பாடு முடிஞ்சதும் ஆர்லினக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைப்பாங்க. பாதிரியார் ஜெபம் பண்ணுவாரு, டாக்டர் மாத்திரை குடுப்பாரு, அவன் தூங்குனதும் ஹோபர்ட் குனிஞ்சு, கனவுல வரவேண்டியதக் காதுல சொல்லுவான். கிழக்கு நிலத்துல ரெண்டு அங்குல மழைன்னு. ஓட்டல்ல சாப்பாடு சொல்ற மாதிரின்னு வச்சுக்கயேன், அப்பிடி.

சரி, அந்தக் கேக்கு வேணாம், அது காஞ்சு போச்சு. காபி குடி.

மொதல்ல ஆர்லினுக்குச் சந்தோசந்தான். ஊருக்கு நல்லது பண்றேன் வெர்னான்னு எங்கிட்ட சொல்லுவான். நீங்களும் கைகுலுக்குனீங்க, முதுகுல தட்டுனீங்க. அவன் எளைக்கிறத ஒருத்தராவது பாத்தீங்களா? தூங்கி எந்திரிச்சா கண்ணு செவந்து, கோடைல போத்திக்கிட்டு உக்காந்திருப்பான். தூங்குறவனுக்கு எதுக்குடா இத்தன களைப்புன்னு ஒருத்தன் கேக்கல.

அப்புறம் அந்த ஆலங்கட்டி. நீ தலையக் குனியாத, நீ அப்ப இந்த வேலைக்கே வரல. நம்ம கிட்டங்கி நெறஞ்சு கெடக்கு, பக்கத்து மாவட்டத்துலயும் நல்ல வெளைச்சல், வெலை ஏறல. அதுக்காக ஹோபர்ட் அவன் காதுல என்ன சொன்னான் தெரியுமா? அங்க ஆலங்கட்டி மழை பேயட்டும்னு சொன்னான். பாதிரியார் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. பெஞ்சுச்சு. கன்னுக்குட்டிய உள்ள ஓட்டப்போன ஒரு பொம்பள மண்டைல அடிபட்டுச் செத்துப்போனா.

எங்களுக்கு அது மறுநாள்தான் தெரியும். ஆர்லினுக்கு அப்பவே தெரியும். கண்ணு முழிச்சதும் அழுதான். அந்தம்மா என்னப் பாத்துச்சு வெர்னா, யாருப்பா நீன்னு கேட்டுச்சுன்னான்.

அன்னைலருந்து தூங்கமாட்டேன்னுட்டான். குதிரைத் தொட்டித் தண்ணில நின்னான். கட்டங்காபியாக் குடிச்சான். கையில சூடு வச்சுக்கிட்டான், கர்ட்டிஸ். அதுக்கு உங்காளுங்க என்ன பண்ணாங்க? நாலு பேரு புடிச்சு அமுக்கி ஊசி போட்டாங்க. ஒருத்தன் உங்க ஷெரிப்பு. ஊர் நன்மைக்குன்னாரு. நான் கதவ ஒடச்சு என் தம்பியக் கூட்டிட்டு வந்ததுக்கு என்மேல கேஸு!

இப்ப என்ன வேணுமாம் ஹோபர்ட்டுக்கு? மழை பத்தாம ஆறும் வேணுமா? மேக்க ஓடுற ஆத்தக் கொண்டாந்து அவன் நெலத்துல விடணுமா? அங்க இருக்கிறவங்க என்னத்தக் குடிப்பாங்களாம்? கேக்கலல்ல? கேக்கமாட்ட. மழைக்கு உங்கப்பனும்தான் வரிசைல நின்னான்.

கோவமாத்தான் இருக்கேன். வேற எப்படி இருக்கணும்?

சரி, எந்திரி. போய்ப் பாரு. நான் தடுக்கல. கூட்டிட்டுப் போனாலும் பிரயோசனம் இல்ல. நேத்து மத்தியானம் சோபால கண்ணு சொக்கிக் கெடந்தான். இதுக்குமேல முழிச்சிருக்க முடியல வெர்னா, வேற யாரும் வந்து சொல்றதுக்கு முந்தி நீ ஒண்ணு சொல்லுன்னு அவன்தான் கெஞ்சுனான். அவன் தூங்குனதும் குனிஞ்சு காதுல சொன்னேன். இனிமே உனக்குக் கனவே வராது, எல்லாத்தையும் மறந்துட்டு நிம்மதியாத் தூங்குடான்னேன்.

நல்லாத் தூங்குனான். இன்னிக்குக் காலைல எந்திரிச்சு வந்தான், மூஞ்சி அவ்வளவு தெளிவு. முட்டை பொரிச்சுக் குடுத்தேன். ரொம்ப நன்றிங்கம்மா, இது யாரு வீடுங்கன்னு கேட்டான்.

நான் ரூம் வாடகைக்கு விடுற பொம்பளன்னு சொல்லியிருக்கேன். பேச்சுவாக்குல என்ன அவனோட அக்கான்னு சொல்லிராத கர்ட்டிஸ். பாவம், முழிப்பான்.