ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி

உங்கள் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது, இன்ஸ்பெக்டர் செம்பியன். குறையாகச் சொல்லவில்லை. பேட்டரி மாற்றினால் சரியாகிவிடும். ஐம்பத்து மூன்று வருஷம் ஒரே வேலையைப் பார்த்தவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும். பெயர் ஸ்ரீரங்கன், வயது எழுபது, மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் சொந்த வீடு. வேலை, நேரம் பார்ப்பது.

மற்றவர்கள் உங்களிடம் கதையை நடுவிலிருந்து சொல்லியிருப்பார்கள். நான் முறையாக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ஆதம்பாக்கத்தில் எங்களுக்குப் பரம்பரையாகக் கொஞ்சம் காலி நிலம் இருந்தது. என் அப்பா ராகவேந்திரன் ஒரு நாள் ஏதோ பத்திரிகையில் ஐரோப்பியர்கள் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிற படத்தைப் பார்த்தார். மறு வருஷம், எழுபத்தொன்றில், அந்த நிலத்தில் பந்தயத் தடம் தயார். இரண்டரை கிலோமீட்டர், ஆறு வளைவு. வாசலில் ஒரு பெரிய பலகை: 'ராகவேந்திரா மோட்டார் பந்தயத் தடம். கீழ்த்திசை நாடுகளில் இரண்டாவது.' முதலாவது எது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பாவை அப்படிக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

திறப்பு விழா அன்று அப்பாவே ஓட்டினார். பஞ்சகச்சம், அதற்கு மேல் தோல் ஜாக்கெட். எதிர்த்து ஓட்ட ஆள் யாரும் இல்லை என்பதால் முதலிடம் பற்றிக் குழப்பமும் இல்லை. ஸ்விஸ் ஸ்டாப்வாட்சுடன் கோட்டருகே நின்றவன் நான், பதினேழு வயது. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அலுவலகச் சுவரில் அடித்தார்கள். ஆரம்பத்தில் நான் கொஞ்சம் தாமதமாக அமுக்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்பா கிளம்பும்போது கும்பிட வேண்டியிருந்தது. கும்பிட இரண்டு கையும் வேண்டும்.

அதன் பிறகு காலம் போனது, கூடவே தடமும் போனது. என் தங்கை நீரஜா கல்யாணத்துக்கு முதல் வளைவை விற்றோம். கல்யாண மண்டபம் கட்ட இரண்டாவது போனது. அதிலிருந்து பந்தயத்தன்று மேளச் சத்தத்துக்கும் இன்ஜின் சத்தத்துக்கும் போட்டி. மூன்றும் நாலும் அடுக்குமாடி. என் பையன் சாய்சரண் ஆஸ்திரேலியாவில் படிக்க ஐந்தாவது. மிச்சம் அறுநூறு மீட்டரும் ஒரே ஒரு வளைவும். ஒரு வளைவை வைத்துக்கொண்டு எப்படிச் சுற்றுவது என்று கேட்பீர்கள். அந்தக் கோடியில் ஒரு தார் டிரம்மை வைத்தோம். அதைச் சுற்றித் திரும்பி வருவார்கள்.

ஆனால் விதிப் புத்தகத்தில் அப்பா எழுதியது 'தடத்தை ஒரு முறை சுற்றிவர' என்றுதான். தடம் எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. ஆகவே சாதனை அதே சாதனை. எழுபத்தொன்றிலிருந்து யாரும் அதை உடைக்கவில்லை.

எப்படி என்று கேட்கிறீர்கள். கட்டைவிரலுக்கு ஒரு நிதானம் வேண்டும், அவ்வளவுதான். வண்டி கோட்டைத் தாண்டும். நான் அவசரப்படமாட்டேன். ஒருமுறை மூச்சு விடுவேன், சில வருஷங்களில் பல முறை. பிறகு அமுக்குவேன். ஒரு நிமிஷம் ஐம்பத்தைந்து. ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டு. மயிலாப்பூர்க் குடும்பம், ஸ்விஸ் கடிகாரம், நாமம் இட்ட நெற்றி. எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. டில்லிபாபு ஒருத்தன்தான் பேசுவான். முப்பது வருஷமாக எங்கள் தடத்தில் மெக்கானிக். அவன் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

"இன்னா சாமி, புள்ள சுத்தினு வந்து, டீ குட்ச்சி, கிளாசையும் கழுவி வெச்சிட்டான். நீ இன்னும் வாட்ச அமுக்காம கீறியே?"

நல்ல உழைப்பாளி. நேரத்தைப் பற்றித்தான் அவனுக்கு ஆழமான அறிவு கிடையாது.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது வெளியாள் இல்லை, என் பையன். போன மார்கழி மாதம் சாய்சரண் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே சென்சார். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு பட்டை, கோட்டில் ஒரு கம்பி, மேலே சிவப்பு எண்கள் ஓடும் பலகை. பட்டை கோட்டைத் தாண்டினால் பலகை தானாக நிற்கும்.

"அப்பா, இனிமே நீ வெயில்ல நின்னுண்டு வாட்ச் அமுக்க வேண்டாம்" என்றான். பாசமான பையன்.

சோதித்துப் பார்க்க டில்லிபாபுவை ஓட்டச் சொன்னோம். வாயில் பீடியோடு, தன் பழைய மொபெட்டில், நடுவில் நின்று யாருடனோ பேசிவிட்டு வந்தான். பலகையில் ஒரு நிமிஷம் பத்து.

சாய்சரண் என்னைப் பார்த்தான். "தடம் சின்னதாயிடுத்தேப்பா. ரெகார்டைப் புதுசா ஆரம்பிச்சுக்கலாமே."

"ரெகார்ட் என்ன பால் பாக்கெட்டாடா, தேதி போட்டு மாத்தறதுக்கு?" என்றேன்.

அப்பா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவருடைய வீட்டை நாங்கள் இரண்டு தடவை இடித்துக் கட்டிவிட்டோம். அவர் கார் பழைய இரும்புக்குப் போனது. அவரிடமிருந்து முழுசாக மிஞ்சியது அந்த ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடிதான். ஒரு பிள்ளையாக நான் என்ன செய்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் அன்புக்கரசி என் வீட்டுக்கு வந்தாள். டில்லிபாபுவின் பெண், இருபத்து மூன்று வயது. அவர்கள் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தவர்கள். குடிசையை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து தினமும் வந்து தி. நகரிலும் மயிலாப்பூரிலும் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பாள். வாசலில் நின்றே பேசினாள்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளும்மா."

"பொங்கப் போட்டில நானும் ஓட்றேன். அந்தத் தகட்டுல ஒரே பேருதான் கீது. எங்கப்பா முப்பது வருசமா அங்கயே கெடக்குறாரு. கீழ எங்க வூட்டுப் பேரு ஒண்ணு வரட்டும். அத்தப் பாத்துட்டா அவரு மவராசனா பூடுவாரு."

"உடைச்சா வரும்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அதான் இப்ப மிசினு வந்துடுச்சே, சார்" என்று சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. அதை நான் இப்போதும் மறுக்கமாட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் ஓட்டப்போகிறார்கள். பன்னிரண்டு பேரும் உடைப்பார்கள். மொபெட்டில் வந்தால்கூட உடைப்பார்கள். ஆகவே முதல் ஆளோடு போட்டி நின்றாக வேண்டும். எங்கள் தடத்தில் மிச்சமிருக்கிற வளைவில் ஒரு சின்ன ஆஞ்சநேயர் இருக்கிறார். போட்டியன்று காலை அவருக்கு எண்ணெய்க்காப்பு சாத்துவது அப்பா காலத்து வழக்கம், என் கையால்தான். அன்று ஒரு டின் கொண்டுபோனேன். ஆஞ்சநேயருக்கு ஒரு கரண்டி. மிச்சம் திரும்பி வருகிற பக்கத்துத் தரைக்கு. நல்லெண்ணெய்தான், செக்கில் ஆட்டியது. கலப்பட எண்ணெய் நான் உபயோகிப்பதில்லை.

என் திட்டம் மிகச் சாதாரணமானது. முதல் ஆள் வழுக்குவார், முழங்கை சிராய்க்கும், தடம் பாதுகாப்பில்லை என்று போட்டியை நிறுத்துவோம். யார் முதல் என்று சொம்பில் சீட்டுப் போட்டு எடுத்தோம். அன்புக்கரசி பெயர் வந்தது. அதில் என் கை இல்லை. அந்த அளவுக்கு நான் நேர்மையானவன்.

நன்றாக ஓட்டினாள். டிரம்மை அவள் சுற்றிய அழகைப் பார்த்திருந்தால் அப்பாவே தலையாட்டியிருப்பார். வளைவுக்கு வரும்போது பலகையில் முப்பத்தாறு விநாடி. பிறகு வண்டி தனியாக, அவள் தனியாக. வண்டி மண்டபத்துச் சுவரில் மோதியது. அவள் சறுக்கிக்கொண்டு வந்து கோட்டுக்குப் பதினைந்து அடி முன்னால் நின்றாள். உள்ளே ஏதோ கல்யாணம், கெட்டிமேளம்.

தடத்துக்கு ஒரே கம்பிக்கதவு. சாவி என் இடுப்பில். வெளியே டில்லிபாபு கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"சாமி, கதவத் தொற. கொயந்த ரத்தமா கீது, தொற சாமி."

"சுற்று முடியலையே, டில்லிபாபு" என்றேன். சுற்று நடக்கும்போது தடத்தில் யாரும் கால்வைக்கக் கூடாது. மூன்றாம் விதி. அவன் என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே திருப்பிச் சொல்ல விரும்பவில்லை. ஒரு தகப்பன் பதற்றத்தில் பேசுவதைப் பெரிதுபடுத்தக் கூடாது.

அறுபது விநாடி. எழுபது. சும்மா கிடந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள். பிறகு முழங்கையை ஊன்றித் தவழ ஆரம்பித்தாள். நான் ஐம்பத்து மூன்று வருஷம் நேரம் பார்த்திருக்கிறேன். ஒருவர் தவழ்ந்தே அப்பாவின் சாதனையை உடைக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நிமிஷம் முப்பது. ஐந்தடி. ஒரு நிமிஷம் நாற்பது. இரண்டடி. அப்போது அவள் பக்கத்தில் போனேன். மறுநாள் பேப்பரில் படம் வந்ததே, 'விழுந்த பெண்ணைக் காக்க ஓடிய முதியவர்' என்று, அது அந்த நேரம்தான். நீங்களும் அதைக் கத்தரித்து மேஜையில் வைத்திருக்கிறீர்கள். குனிந்திருக்கிறேன், முகத்தில் கவலை இருக்கிறது. கவலை உண்மை. படம் இடுப்புக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கிறது, அது போட்டோகிராபரின் இஷ்டம்.

அவள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். இரண்டு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். நேரத்தை அளப்பதில் அவர்களுக்குத் தனிப் பயிற்சி கிடையாது. நாங்கள் பெரிய மாலையாக அனுப்பினோம். டில்லிபாபு அதை எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு வலது கையில் மூன்று விரல் எப்படி முறிந்தது என்று கேட்டீர்கள். வண்டியிலிருந்து விழுந்ததில் இல்லை. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். பட்டை கட்டிய கை அது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அதன் மேல் என் காலை வைத்தேன். பலகையில் ஒரு நிமிஷம் நாற்பத்தாறு. அவள் இழுத்துப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சார், கால எடு சார்" என்றாள், மரியாதையாகத்தான். நாற்பத்தெட்டு. ஐம்பது. கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது, பலமுள்ள பெண். ஐம்பத்து மூன்று வந்ததும் எடுத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு விநாடிகூட நான் வைத்திருக்கவில்லை. பிறகு நானே போய்க் கதவையும் திறந்துவிட்டேன்.

தடத்துக்கு உங்கள் ஆட்கள் சீல் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இனி அங்கே யாரும் ஓட்ட முடியாது. எனக்கு அதில் வருத்தம்தான். அந்தப் பெண் மட்டும் ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி முன்னால் வந்திருந்தால், அந்த மைதானத்தில் முதலில் கைதட்டியிருக்கக்கூடிய ஆள் நான்தான். சின்னவர்கள் முன்னுக்கு வரும்போது குறுக்கே நிற்கிற சுபாவம் என்னிடம் கிடையாது.