சோபா அண்ணன்

இடைவேளைக்குப் பிறகு தியேட்டருக்குள் வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். பாதித் துன்பத்தோடு தப்பிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் விளம்பரத்திலிருந்து கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஐயா, நீங்கள் முதலில் என் தொழிலைக் கேட்டு ‘பத்திரிகையாளர்’ என்று எழுதிக்கொண்டீர்கள். அது அவ்வளவு சரியில்லை. பத்திரிகையாளர்கள் நடந்ததைச் சொல்கிறவர்கள். நடந்தது எதற்காக நடந்து தொலைத்தது என்று கேட்கிறவன் நான். ஞாயிறு இதழில் ‘சொன்னால் வம்பு’ என்ற பத்தி என்னுடையது. சினிமா, கால்பந்து, டெலிவிஷன், அரசியல் என்று வேலையற்றவர்கள் பேசுவதற்காகவே உண்டான நான்கையும் பற்றி எழுதுவேன். ஆபீசில் என் முதுகுக்குப் பின்னால் எனக்குக் ‘கஷாயம்’ என்று பெயர். தெரிந்தும் நான் வருத்தப்பட்டதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாலும் கஷாயம் உடம்புக்கு நல்லது.

மாதிரிக்குக் கொஞ்சம் சொல்கிறேன். இப்போது வரும் படங்களில் கதாநாயகன் நாற்பது பேரை அடிக்கிறான். அந்த நாற்பது பேரும் வங்கியில் வரிசையில் நிற்பதுபோல ஒருவர் பின் ஒருவராக வந்து, முறை தவறாமல் அடி வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த ஒழுங்கை நம் மக்களிடம் வேறெங்கும் பார்க்க முடியாது. கால்பந்து வீரன் தோளில் தூசி பட்டாலும் புல்தரையில் உருள்கிறான். நடுவர் கண்டுகொள்ளாவிட்டால் எழுந்து மான்போல ஓடுகிறான். இவ்வளவு சீக்கிரம் குணமாகிறவர்களை எந்த ஆஸ்பத்திரியிலும் நான் கண்டதில்லை. டெலிவிஷனில் திரையை ஆறு பெட்டிகளாக வெட்டி ஆறு பேரை அடைத்துவிட்டு அதற்கு விவாதம் என்கிறார்கள். கறிக்கடைக் கூண்டில் இருக்கும் கோழிகள்கூட ஒன்று கத்தும்போது இன்னொன்று கொஞ்சம் பொறுக்கும். கட்சி மாறுகிறவர்களைத் திட்டுகிறவர்களையும் எனக்குப் புரிவதில்லை. காலிப் பெட்டியை எந்த வண்டியில் ஏற்றினால் என்ன?

நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை, பழக்கம்தான். என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பத்தியைப் படித்துவிட்டு, “நல்லா இருக்கு” என்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விழுங்கும் முகத்தோடு சொல்வாள்.

அவளுடைய தம்பியைப் பற்றித்தானே நீங்கள் கேட்கிறீர்கள். வருகிறேன்.

ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக் அவன். குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், கொஞ்ச நாள் நம்மோடு இருக்கட்டும் என்று அவள்தான் கூட்டி வந்தாள். கட்டடம் எழும்பி, வேறு ஆட்கள் குடி வந்து, அவர்கள் சண்டை போட்டுக் காலியும் செய்துவிட்டார்கள். இவன் எங்கள் கூடத்து சோபாவில்தான் இருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு. தூசி பட்டால் இழுக்கும், ஓடினால் இழுக்கும், சிரித்தால்கூட இழுக்கும். இன்ஹேலர் ஒன்று சட்டைப் பையில் இருக்கும், இன்னொன்று ஃபிரிட்ஜ் மேல். மூன்றாவதை என் மனைவி தன் கைப்பையில் வைத்திருப்பாள். தாய் இல்லாத பிள்ளையை வளர்த்தவள், வைத்திருக்கத்தான் செய்வாள்.

வியாதியை நான் குறை சொல்லவில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளாதது அவனுடைய ரசனை. அதாவது, அப்படி ஒன்று அவனிடம் இல்லாதது. பிடிக்காத படம் என்று அவன் வாழ்க்கையில் ஒன்றுமே கிடையாது. தோற்ற அணிக்கும் கைதட்டுவான். அழுகிற பாட்டுப் போட்டியில் கூடவே அழுவான். வீட்டுக்கு வீடு ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரனுக்கும் தண்ணீர் கொடுத்து, வெயில் எப்படி என்று விசாரித்து அனுப்புவான். ஒருமுறை, நாங்கள் சேர்ந்து பார்த்த படம் ஏன் குப்பை என்று சாப்பாட்டு மேசையில் அவனுக்கு விளக்கினேன். ரசம் ஆறும்வரை விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டான்.

“நீங்க சொல்றது எல்லாம் கரெக்டு மாமா. ஆனா ஜாலியா இருந்துச்சே” என்றான்.

என் மனைவி சிரித்தாள். நான் சொன்னதற்கு இல்லை.

போன மழைக்காலத்தில்தான் வீடியோ ஆரம்பித்தான். கைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு, சோபாவில் சம்மணம் போட்டு, பார்த்ததைப் பற்றிப் பேசி இணையத்தில் போடுவான். என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் செய்தான். நாலு சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அவன் பேச்சு என்ன தரம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமைச்சர் ஒருவர் டெலிவிஷனில் ‘பரிசீலித்து வருகிறோம்’ என்று சொன்னார். அதைப் பற்றி இவன், “நானும் கஸ்டமர்கிட்ட ‘நாளைக்குக் காலைல வந்துடறேன்’னு சொல்லும்போது இதே மூஞ்சியத்தான் வச்சுக்குவேன்” என்றான்.

அங்கே தட்டச்சு செய்கிறவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஊரே சிரித்தது. ‘சோபா அண்ணன்’ என்று பெயர் வைத்து, ஏசியில் தண்ணீர் ஒழுகாதவர்கள்கூட ஒழுகுவதாகச் சொல்லி அவனை வீட்டுக்கு அழைத்தார்கள். அவனும் போய், தூசியில் இருமிக்கொண்டே கழற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று பூட்டிவிட்டு, அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வருவான்.

ஒரு நாள் எங்கள் ஆசிரியர் அறைக்கு அழைத்தார். நான் பத்தி எழுத ஆரம்பித்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பெண்மணி அவர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்ட சேதி சொல்லும்போது அவர் எதிரில் இருப்பவரைத் தெளிவாகப் பார்க்க விரும்ப மாட்டார். வாசகர்கள் குறைந்துவிட்டார்கள், என் பக்கத்தை என் மைத்துனனுக்குக் கொடுக்கலாம் என்று நிர்வாகம் நினைத்தது என்றார். அவன் பேசுவதை யாராவது எழுதிக்கொள்வார்களாம். அந்த யாராவதாக நானே இருக்கலாம் என்றும் யோசித்தார்களாம்.

“அவர்கிட்ட கேட்டோம் சார்,” என்றார். “ஒத்துக்கல. ‘அது எங்க மாமா இடம். அவர் எழுதறது எழுத்து. நான் சும்மா பேசறவன்’னு சொல்லிட்டார். அதனால உங்க பத்தி இப்போதைக்கு வரும்.”

நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், வேலைக்கு ஆபத்து வந்ததால் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. என் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. அவன்தான் அதைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். அவன் சொல்லிக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் பத்தியைச் சத்தமாகப் படித்து, சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் தவறாமல் சிரித்தான். இழுப்பு வரும்வரை சிரித்தான். தான் செய்த உபகாரத்தை ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். மனிதனுக்கு மனிதன் அந்த மரியாதையாவது கொடுத்திருக்கலாம்.

கால்பந்து இறுதி ஆட்டம் நடந்த அன்று என் மனைவி வெளியே போயிருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவள் கிளம்பியதும் நான் சோபா மெத்தைகளைத் தட்டினேன். மாடிக்குக் கொண்டுபோய்த் தட்டியிருக்கலாம். ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கூடத்திலேயே தட்டினேன். வெயில் கோட்டில் தூசி வெகுநேரம் இறங்காமல் நின்றது. அவன் அப்போது குளித்துக்கொண்டிருந்தான்.

குளித்து வந்து தன் அணியின் பனியனை மாட்டிக்கொண்டான். அதில் பை கிடையாது. கால்பந்தைப் பற்றி நான் எழுதிய குறைகளில் இது விட்டுப்போய்விட்டது. அவன் சட்டை ஆணியில் தொங்கியது. அதிலிருந்த இன்ஹேலரையும் ஃபிரிட்ஜ் மேல் இருந்ததையும் எடுத்து என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன், வந்து பார்த்தால் இப்படிக் கிடந்தான் என்று நான் முதலில் உங்களிடம் சொன்னது பொய். அவன் பக்கத்திலேயேதான் இருந்தேன்.

பாதி ஆட்டத்தில் இருமல் ஆரம்பித்தது. ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டி உதைக்கு வந்தபோது நன்றாக இழுத்தது. அவன் கண் திரையை விட்டு நகரவில்லை.

“மாமா, அந்தச் சட்டைல மருந்து இருக்கும். எடுங்களேன்.”

போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றேன். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் என்றான். அங்கேயும் இல்லை என்றேன்.

“அக்கா எங்கயாவது எடுத்து வச்சிருப்பாங்க,” என்று சிரிக்கப் பார்த்தான். எழுந்திருக்க முயன்றான். நீ உட்கார், நான் தேடுகிறேன் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பெனால்டி உதையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒரு முழு ஆட்டத்தில் முடிவு செய்ய முடியாததைக் காசு சுண்டிப் பார்ப்பதுபோல முடிவு செய்துவிட்டு, அதற்கு வீரம் என்று பெயர் வைக்கிறார்கள். வீட்டில் யாரும் இதை முழுசாகக் கேட்டதில்லை. அன்றைக்கு அவனிடம் நிதானமாக, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முதல்முறையாக அவன் ‘ஆனா’ என்று இழுக்கவில்லை. அவன் கை என் முழங்காலைப் பிடித்தது. பிடித்த இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் என் பை. உள்ளே இருப்பது அவன் விரலில் தட்டியது. என்ன என்று தெரிந்துவிட்டது அவனுக்கு.

“மாமா,” என்றான். அவன் முகத்தில் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அந்த நிலையிலும் என்மேல் அவனுக்கு இரக்கம்தான் வந்தது என்று நினைக்கிறேன். கடைசிவரை திருத்த முடியாத ஆள்.

நான் பேசி முடிப்பதற்கும் அவன் அடங்குவதற்கும் சரியாக இருந்தது. அவன் அணிதான் ஜெயித்தது.

அடுத்து நான் செய்ததை மட்டும் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உங்களுக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆட்டம் முடிந்ததும் பேசுவதற்காக அவன் கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தான். இவ்வளவு பேர் காத்திருக்கும்போது வீணாக்குவானேன் என்று தோன்றியது. அவனைச் சோபாவின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு நடுவில் உட்கார்ந்து நான் பேசினேன். இறுதி ஆட்டம், அந்த வாரம் வந்த படம், முதல்நாள் நடந்த கட்சிக் கூட்டம், எதையும் விடவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நன்றாகப் பேசியதில்லை, ஐயா. ஒரு சொல் தடுக்கவில்லை. அவன் கைபேசியிலிருந்தே அதைப் போட்டுவிட்டேன்.

என் பத்தியை ஆயுள் முழுவதும் படித்தவர்களைவிட அதிகம் பேர் அந்த மாலையில் அதைப் பார்த்தார்கள். கீழே வந்த கருத்துகளைப் படித்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். சோபா ஓரத்தில் தெரிவது அவர் கையா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், அண்ணன் தூங்குகிறாரா, விரல் ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதன்பிறகு எல்லாரும் அந்தக் கையைப் பற்றியே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் யாரோதான் உங்களுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். ஜனங்களுக்குக் காட்டுவதைப் பார்க்கத் தெரியாது என்று நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு முன்னால் என் மனைவி வந்துவிட்டாள். தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். தன் கைப்பையைக் கொட்டி மருந்தை எடுத்து, பயனில்லை என்று தெரிந்தும் அவன் வாயில் வைத்து அழுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மருந்து குடுத்தீங்களா?”

தேடினேன், கிடைக்கவில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்சட்டைப் பைமேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்த் தம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நேற்று வழக்கறிஞர் மூலமாக என் துணிகளை மட்டும் அனுப்பியிருக்கிறாள்.

என் மைத்துனனை நான்தான் கொன்றேன். மருந்தை எடுத்து ஒளித்தவன் நான், தூசி கிளப்பியவன் நான், எழுந்தவனை உட்கார வைத்தவனும் நான்தான். இதில் நீங்கள் எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று மட்டும் போடாதீர்கள். பொறாமைப்பட அவனிடம் என்ன இருந்தது? ஒரு சோபா, அதுவும் என்னுடையது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வீடியோவை நிலையத்தில் எல்லாரும் உட்கார்ந்து முழுவதும் பார்த்ததாகச் சொன்னீர்கள். அந்தக் கையை விட்டுத்தள்ளுங்கள். நான் பேசியதைக் கேட்டு, எங்காவது ஓரிடத்தில், யாராவது ஒருத்தர் சிரித்தாரா?