கையை உள்ள எடு

இருங்க சார், இருங்க. அப்படி ஆணி அடிக்கற மாதிரி தட்டக் கூடாது. மவுஸை நகர்த்தி அம்புக்குறியை ரெண்டாவது ஜன்னல் மேல வைங்க. ஒரே ஒரு தடவை, மெதுவா. ஆங்... கை வெளிய வந்துச்சா? இப்பக் கேளுங்க.

ஐயய்யோ, பயந்துட்டீங்களா! உங்களைச் சொல்லல சார். அந்தப் பையனைச் சொன்னேன், கையை உள்ள எடுடா எருமைன்னு. எடுத்துட்டான் பாருங்க.

ஆமா, என் குரல்தான். நிஜத்துல இதைவிடப் பெருசா இருந்துச்சு, இப்பத்தான் இப்படிக் கரகரன்னு ஆயிடுச்சு. தண்ணியெல்லாம் வேண்டாம் சார், குடிச்சாலும் இப்படித்தான். நீங்க உக்காருங்க. இந்தக் கம்ப்யூட்டர் கிளாஸோட தலைமை ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வந்து ஒவ்வொருத்தர் செஞ்சதையும் பாப்பாரு, கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்னு எங்க டீச்சர் சொல்லியிருக்கு. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்.

நானா? ஸ்கூல் வேன்ல ஆயா. பிள்ளைங்களை ஏத்தறது, இறக்கறது, வாந்தி எடுத்தா துடைக்கறது, முடியைப் பிடிச்சு அடிச்சுக்கிட்டா விலக்கி விடறது. எல்லாத்துக்கும் மேல கத்தறது. எங்க டிரைவர் எனக்கு வெச்சிருக்கற பேரு பீரங்கி. ஒரு தடவை ஹாரன் கெட்டுப்போச்சு, அந்த மனுஷன் கண்டுக்கவே இல்ல. பீரங்கி இருக்கையில ஹாரன் எதுக்குன்னு சிரிச்சுக்கிட்டே ஓட்டினாரு.

கம்ப்யூட்டரா? தொட்டதே இல்ல சார். இந்தக் கிளாஸுல சேரப் போறேன்னதும் என் மக விழுந்து விழுந்து சிரிச்சா. ஏம்மா, போன்ல படம் அனுப்பச் சொன்னா பேசிட்டிருக்கற லைனையே கட் பண்ணிடற, உனக்கெதுக்கு பொம்மைப் படம் செய்யற வேலைன்னு. உன் வேலையைப் பாருடின்னு சொல்லிட்டு வந்து சேந்துட்டேன். இங்க வந்தா எல்லாம் மீசை முளைக்காததுங்க. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நிக்குதுங்க, யாரோட அம்மாவோ தேடி வந்திருக்குன்னு நெனச்சு. நான் பாட்டுக்குப் போய் முன் வரிசையில உக்காந்துட்டேன்.

இதுல சின்னப் பிள்ளைங்க அடுக்கற கட்டை மாதிரி கலர் கலரா கட்டளைங்க இருக்கு. நகருன்னு ஒண்ணு, திரும்புன்னு ஒண்ணு, சத்தம் போடுன்னு ஒண்ணு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணை ஒட்டவெச்சா படம் அந்த வரிசையில ஆடும். முதல் நாள் ஒரு பந்தைக் குடுத்து நகர்த்தச் சொன்னாங்க. நகருன்னேன். நகந்துச்சு. நகந்து நகந்து ஸ்க்ரீனை விட்டே போயிடுச்சு. எங்கடா போச்சுன்னு தேடறேன், பின்னாடி ஒரே சிரிப்பு. நில்லுன்னு சொன்னாத்தானே ஆன்ட்டி நிக்கும்னு ஒருத்தி சொல்றா. அட, இது எங்க வேன் பிள்ளைங்க மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. அப்பவே பயம் விட்டுப்போச்சு சார்.

இந்த வேனை நான்தான் வரைஞ்சேன். சக்கரம் கோணலா இருக்கா? எங்க வேன் அப்படித்தான் இருக்கும், வந்து பாருங்க. ஆனா இந்தக் கை இருக்கே, அது என்னை அழவெச்சிடுச்சு. கை தனிப் படமா இருக்கணுமாம். நான் பிள்ளையோட சேத்து வரைஞ்சுட்டேன். ஜன்னலை அழுத்தினா கை மட்டும் வரல, பிள்ளையே பறந்து ரோட்டுக்கு வந்துடுச்சு! கிளாஸே கொல்லுன்னு சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரல. அப்படி ஒண்ணு நடந்துடக் கூடாதுன்னுதானே நான் தினம் தொண்டை கிழியக் கத்தறேன். உடனே அழிச்சேன். கையை வேற, உடம்பை வேறன்னு திரும்ப வரைஞ்சேன்.

அப்புறம் இன்னொரு கூத்து. அழுத்தின உடனே என் குரல் கேக்குது, கை அதுக்கப்புறம்தான் வெளிய வருது. தப்பு பண்றதுக்கு முன்னாடியே திட்டு. டீச்சர்தான் கத்துக்குடுத்துச்சு, நடுவுல காத்திருன்னு ஒரு கட்டை வைக்கணுமாம். வெச்சேன். இப்பக் கை வருது, ஒரு மூச்சு விடற நேரம், அப்புறம் நான். அந்த ஒரு மூச்சு சரியா வர்றதுக்கு நான் எத்தனை தடவை மாத்தியிருப்பேன்னு கேக்காதீங்க.

சிரிக்கறீங்க. சிரிங்க சார், நல்லதுதான்.

குரலா? அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பொம்பளை குரல் இருக்கு, எழுதிக் குடுத்தா பேசும், டீச்சரும் போட்டுக் காமிச்சுது. தயவு செய்து கையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்னு தேன் ஒழுகுது. எந்தப் பிள்ளை சார் அதுக்குக் கையை எடுக்கும்? இன்னொரு கையையும் சேத்து நீட்டும். வேண்டவே வேண்டாம், என் குரல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். சுத்தமா இல்ல, எரையுதுன்னு டீச்சர் சொல்லுச்சு. எரையட்டும்னேன்.

இதைப் பதிவு பண்ணினது இங்க இல்ல, வேனுக்குள்ள. இங்க மைக் முன்னாடி உக்காந்து பாத்தேன், கத்தவே வரல. பேப்பர் படிக்கற மாதிரி வருது. யாரும் கையை நீட்டாம எனக்கு எப்படி சார் கோபம் வரும்? அப்புறம் டிரைவர்கிட்டச் சொன்னேன். அந்த மனுஷன் வண்டியை ஓரமா நிறுத்திட்டு, அந்த உடம்பை வெச்சுக்கிட்டு பிள்ளைங்க சீட்டுல போய் மடங்கி உக்காந்து, ஜன்னல் வழியா கையை நீட்டினாரு. வந்துச்சு பாருங்க எனக்கு! ரோட்டுல போனவங்கெல்லாம் நின்னுட்டாங்க. பாவம், அவரும் நிஜமாவே வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டாரு. அவரு சிரிச்சுத்தான் நான் பாத்திருக்கேன், அன்னைக்குக் கீழ இறங்கி டயரைப் பாக்கற மாதிரி ரொம்ப நேரம் நின்னாரு.

கதவை அழுத்துங்க. படிக்கட்டுல நிக்காதேன்னு வரும். அந்த டிபன் டப்பாவை அழுத்துங்க. தூக்கிப் போட்டா பல்லு பேந்துடும்னு வரும். கடைசி ஜன்னலை மட்டும் அழுத்திட்டுக் கொஞ்சம் பொறுங்க, அது மெதுவாத்தான் வரும்.

ம். அது தூங்கற பிள்ளை. எழுப்பறேன். வீடு வந்துடுச்சு கண்ணு, எந்திரி, அம்மா நிக்கறாங்க பாருன்னு. தூங்கற பிள்ளையைக் கத்தி எழுப்பக் கூடாது சார், அன்னைக்கு முழுக்க அழும்.

தெரியும் சார், நடுவுல உடையுது. கண்ணுங்கற இடத்துல காத்துதான் வருது. கத்தறதுக்குக் கூடத் தொண்டை வருது, மெதுவாப் பேசத்தான் வர மாட்டேங்குது. திரும்பப் பதிவு பண்ணலாம்தான். அடுத்த வாரமா? அடுத்த வாரம் ஆகாது சார். பண்றதுன்னா செவ்வாய்க்கிழமைக்குள்ள பண்ணிடணும். செவ்வாய்க்கிழமை பெட்டியை எடுத்துடறாங்க.

இந்தப் பெட்டி இல்ல சார், கம்ப்யூட்டர் இங்கயேதான் இருக்கும். குரல்பெட்டி. உள்ள கட்டி. அடியோட எடுத்தாத்தான் ஆள் மிஞ்சும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கழுத்துல ஒரு ஓட்டை போடுவாங்களாம், அது வழியா மூச்சு விடணுமாம். விட்டுட்டுப் போறேன், எது வழியா விட்டா என்ன.

ஸ்கூல்ல என்ன சொல்றாங்க தெரியுமா? வாய் பேசாத ஆயாவை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது, நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்கன்னு. வேற ஆளையும் பாத்து வெச்சுட்டாங்க. உடம்பு தேறட்டும், வந்து நிக்கறேன் பாருங்க. இந்த வேன் படம் விளையாட்டுக்குச் செஞ்சது இல்ல சார், நீங்கதான் அப்படி நெனச்சுக்கிட்டீங்க. இதைக் கையடக்கமா ஒரு பலகை மாதிரி இருக்குமே, டேப்லெட்டு, அதுல ஏத்தித் தர்றேன்னு டீச்சர் சொல்லியிருக்கு. எந்த ஜன்னல்ல கை வருதோ அந்த ஜன்னலை அழுத்துவேன். ஸ்பீக்கர் மாட்டிடறேன்னு டிரைவர் சொல்லிட்டாரு. அப்புறம் சொல்லட்டும் என்னால முடியாதுன்னு. ரெண்டு வாரம் பாக்கட்டும். சரிப்பட்டு வரலேன்னா நானே இறங்கிக்கறேன். பாக்காமயே எப்படி இறக்கி விடலாம்?

பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டேன். என்னடா இது கழுத்துல ஓட்டைன்னு அதுங்க பயந்துடக் கூடாதில்ல. ஒண்ணு கேக்குது, அப்ப இனிமே எங்களைத் திட்ட மாட்டீங்களான்னு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். இரு மவனே, வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

ஏன் சார் பேனாவை அப்படியே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? இதோ பாருங்க, இதைச் சொன்னதுக்காக ஒரு மார்க்கு கூடக் கூட்டிப் போடாதீங்க. சக்கரம் கோணலுக்கு எவ்வளவு குறைக்கணுமோ குறைங்க. குறைச்சுட்டீங்களா? சரி. இப்பச் சொல்லுங்க, அந்த டிபன் டப்பா விழுந்து உருளுதே, அது மட்டும் எனக்கு இன்னும் சரியா வரல. அதுக்கு எந்தக் கட்டையை எதுக்குக் கீழ வைக்கணும்?