தனுஷாவுக்குக் கொண்டுவந்த பாடங்கள்

டீயைக் குடியுங்கள், மச்சான். வெள்ளிமலையில் எதுவும் சீக்கிரம் ஆறிவிடும். உங்கள் தங்கை தனுஷா பின்புறம் துணி உலர்த்துகிறாள். “நீங்க வாத்தியாரா, இல்ல ஜெயிலு வார்டனா மாப்ள?” என்று கேட்டீர்கள். அவள் வருவதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.

கணினிப் பாதுகாப்புப் பொறியாளர் சான்றிதழ்த் தேர்வில் அவள் தேறினால் சென்னையில் வேலை காத்திருக்கிறது என்பது திருமணத்தின்போதே எனக்குத் தெரியும். நான் மறுக்கவில்லை. தமிழாசிரியன் நான், படிக்கிற பெண்ணைத் தடுப்பேனா? இந்தக் குடியிருப்பில் இணையம் கிடைப்பதில்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, பாடங்களை அச்செடுத்து வரும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். அதற்காகத் தன் கடவுச்சொல்லையும் தந்தாள். அதை யாருக்கும் தரக்கூடாது என்பது அவள் படித்த முதல் பாடம். கணவனை அவள் யாரோவாகக் கருதவில்லை.

அந்த ஆண்டே தேர்வைப் புதுப்பித்தார்கள். பழைய பகுதிகள் பல நீங்கின. செயற்கை நுண்ணறிவு முதலியவை சேர்ந்தன. அவள் கணக்குக்கு வந்த அறிவிப்பை நானே முழுவதும் வாசித்தேன். மொழிநடை சுமார். பிறகு பழைய பாடங்களையே அச்செடுத்து, முகப்பில் ஆண்டை மட்டும் மாற்றினேன். எழுத்துரு பிசகவில்லை. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மாலைதோறும் கேள்வி கேட்பேன். செய்தியை வழியில் ஒருவன் மாற்றிவிட்டால், அனுப்பியவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது என்பதை அவள்தான் எனக்கு விளக்கினாள். தெளிவான விடை. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

முதல் முறை தேர்வெழுதித் திரும்பியபோது பேருந்திலேயே அழுதாள்.

“இன்னாங்க இது, கேட்டதெல்லாம் புதுசா கீது. பாதிக்குமேல நான் படிச்சதே இல்ல.”

“மறந்து போச்சுன்னா எல்லாமே புதுசாத்தான் தெரியும், தனுஷா.”

குரலை உயர்த்தவில்லை. மறுமுறை தேறாதபோதும் அதையே சொன்னேன். அதற்கடுத்த முறை அவளே சொல்லிக்கொண்டாள். இப்போது சோற்றுக்கு உப்புப் போட்டாளா என்பதையும் என்னைக் கேட்டுத்தான் அறிகிறாள். வேலை வேண்டாம் என்று சென்னைக்கு அவளே எழுதினாள். நான் பிழைதிருத்தம் மட்டும் செய்தேன்.

பாசமில்லாதவன் என்று சொல்லாதீர்கள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் தனியாகச் சாப்பிட வேண்டும்.

காலையில் நீங்கள் கடையில் வாங்கி வந்த புதிய பாடநூலை என் அச்சுத்தாள்களுக்குப் பக்கத்தில் விரித்து, “நல்லா பாரும்மா, எது பழசு, எது புதுசு?” என்று அவளைக் கேட்டீர்கள். நான் வாய் திறக்கவில்லை. அதற்கு நீங்களே சாட்சி. அவள் இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள்.

“கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டாண்ணா. தப்பான புஸ்தகத்த குடுத்துட்டான். இவரு கொண்ணாந்ததுதான் சரி.”

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மச்சான். அவளாகவே சொன்னாள். சொந்தமாக யோசிக்கிற பெண் என்பதில் எனக்கு எப்போதும் பெருமைதான்.