நித்திரையில் வரும் டேனிஷ்

ஆர்ஹூஸிலிருந்து வைலே செல்லும் ரயிலில் அது பேசக்கூடாத அமைதிப் பெட்டி. பேசுகிறவர்களுக்கு அறிவிப்புப் பலகையைச் சுட்டிக்காட்டுவதே முறை. அதை நான் பலருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் எதிரே அமர்ந்த தமிழ்த் தம்பதியர், டேனிஷ் பத்திரிகை படிக்கிற இந்தக் கிழவனுக்குத் தமிழ் தெரியாது என்று முடிவுகட்டியிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

“அந்தப் பிரெஞ்சுக்காரி, தன்ர மனிசன் நித்திரையில கதைச்சதையெல்லாம் படத்துக்குக் கீழ எழுதித் தொங்கவிட்டிருக்கிறா,” என்றார் கணவர். “அந்தாளுக்கு மானம் போகாதோ?”

“எனக்கும் எழுத நிறைய இருக்கு,” என்றார் மனைவி.

கணவரின் குரல் இறங்கியது. “ஏன், நானும் நித்திரையில கதைக்கிறனானோ?”

“ஓம். டேனிஷில.”

“ஆரின்ர பேராவது சொன்னனானோ?”

“பயப்பிடாதேங்கோ. முதியோர் இல்லத்தில வேலையில நிக்கிறதா நினைப்பு. குளிருதோ, கோப்பி தரட்டோ எண்டு கேட்டு, எனக்குக் கழுத்துவரைக்கும் போர்த்துவிடுவியள்.”

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நிப்பாட்டிப்போடுவியள். முழிச்சிருக்கேக்க ஒருநாளாவது கேட்டனீங்களோ?”

ஹோர்சென்ஸ் நிலையம் தாண்டும்வரை கணவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பெட்டியின் விதி அப்போதுதான் கடைப்பிடிக்கப்பட்டது. வைலே நெருங்கியதும் அவர் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி மனைவிக்குச் சுற்றிவிட்டார்.

“இறங்கினவுடன கோப்பி குடிக்கிறீரோ?”

மனைவி அவர் முகத்துக்கு நேரே விரல்களை ஆட்டிப் பார்த்தார்.

“முழிச்சுத்தான் இருக்கிறியளோ?”