காளிதாஸ் மீது பிழையில்லை

அருள்மழை பொழியும் அம்மனின் சந்நிதியில், இந்த ஆயுத பூசை விழாவுக்குத் தலைமை தாங்கும் ஆலயத் தலைவர் கமலநாதன் ஐயா அவர்களே! சிம்பாங் ரெங்கத்தின் பெரியோர்களே! லாரியோடும் டிராக்டரோடும் வந்து வாசலில் காத்திருக்கும் ஓட்டுநர்களே! பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு எனக்குக் காது கொடுத்திருக்கும் தாய்மார்களே! மாதர் குழுவின் பிரேமலா பணிந்து வணங்குகிறேன்.

பூசையின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். மன்னியுங்கள். பூசையில் நான் செய்த பிழையைத்தான் பேசப்போகிறேன்.

என் வீட்டுக்காரர் வீரமுத்துவிடம் ஓர் எக்ஸ்கவேட்டர் இருந்ததை ஊரே அறியும். இருபத்தாறு வயதுக் கிழட்டு இயந்திரம். மண்ணைத் தோண்டியது, மரத்தைப் பெயர்த்தது, மழைநீருக்கு வழி வெட்டியது, எங்களுக்கு வாழ்வு கொடுத்தது! அதற்கு எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி மாற்றிய மாதம், அத்தனையும் என் நோட்டில் உண்டு. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதி எழுதித்தான் எழுத்துக் கற்றேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆயுத பூசை. இயந்திரத்தைக் குளிப்பாட்டினேன், மாலை போட்டேன். டீசல் டாங்கி மூடி முகம்போல வட்டமாக இருந்தது. நடுவில் கடுகளவு துளை. அந்த இடத்திலேயே சந்தனத்தை அழுத்திக் குங்குமம் வைத்தேன். அழகாக இருந்தது, அம்மா!

மறுநாள் அரை மணி நேரம் ஓடியது. இருமியது. நின்றது. பிறகு எழவேயில்லை.

பட்டறைக்காரர் காளிதாஸ் வந்தார். என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறக்காத தம்பி.

"அண்ணி, கடைசியா இதுக்கு என்ன செஞ்சீங்க?"

நோட்டை விரித்து வாசித்தேன். "வேற ஒண்ணுமில்ல தம்பி. பூசைதான் போட்டோம்."

"அலமாக், சாமி கும்பிட்டா மெஷின் படுத்துக்குமா? அதைக் கேக்கல அண்ணி!"

சிரித்தோம், சபையோரே, சிரித்தோம்! பூசையை ஒரு வேலையாக எண்ண எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நோட்டிலும் அது ஏறவில்லை. மீட்டர் நிறைய டீசல் காட்டியது. மூடியை எவரும் திறக்கவில்லை. காளிதாஸ் டீசல் குழாயில் அடைத்த காற்றை எடுத்தார், வடிகட்டியை மாற்றினார், பம்பைக் கழற்றிப் பூட்டினார். பதினோரு நாள்! இயந்திரம் அசையவில்லை.

"என் மெஷின கொன்னுட்டியேடா!" என்றார் இவர். "அண்ணே, நான்..." என்ற காளிதாஸ், சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

என் வீட்டுக்காரர் இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு எழுதிக் கொடுத்தார். அது போவதைப் பார்க்க மனமில்லாமல் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய்விட்டார். வந்த லாரிக்காரர் டீசலை இறக்க மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸ் என்று உள்ளே காற்று பாய்ந்தது. டீசல் குறையக் குறையக் காற்று புக வேண்டுமாம். அதற்குத்தான் அந்தத் துளையாம். கைப்பம்பை நாலு முறை அழுத்திச் சாவியைத் திருப்பினார். கர்ஜித்தது, ஐயா, கர்ஜித்தது!

"கெனாப்பா ஜுவால், அம்மா? நல்ல மெஷினை ஏன் விக்கிறீங்க?"

மூடியில் என் சந்தனம் சிமெண்டாய் இறுகியிருந்தது. "நிறுத்துங்கள்" என்ற ஒரு சொல் போதும். சொன்னேனா? எப்படி ஓடியது என்று இவர் கேட்பாரே என்று பயந்தேன். லாரி போய்விட்டது.

அதன்பின் டீக்கடையெல்லாம் காளிதாஸை ஏசியது. பட்டறைக் கதவு மூடியது. இன்று மாசாயில் ஏதோ தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். அம்மனுக்காக லீவு போட்டு வந்து, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். நிமிருங்கள் தம்பி!

பம்பில் பிழையா? இல்லை! வடிகட்டியில் பிழையா? இல்லை! காளிதாஸின் கையில் பிழையா? இல்லை, இல்லவே இல்லை! பிழை என் விரலில். அதைவிடப் பெரும்பிழை, இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த என் வாயில்!

யாரம்மா அங்கே, "போதும், இறங்குக்கா" என்பது? இறங்குகிறேன் தாயே. வாசலில் வண்டிகள் நிற்கின்றன. பொட்டு வைக்குமுன் ஓட்டுநரைக் கேளுங்கள். பூசை போட்டதையும் எழுதி வையுங்கள். தெரிந்த பிழையை அன்றே சொல்லிவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போகிறார். தடுக்காதீர்கள் ஐயா, வழி விடுங்கள். உங்களோடு சேர்ந்து அவரும் இப்போதுதான் இதைக் கேட்கிறார்.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. பேசத் துணிவு தந்த தாய்க்கு நன்றி. நான் அவர் பின்னால் போக வேண்டும். வணக்கம்.