சராசரித் தாமதம்

நான் எதற்கும் நேரத்துக்குப் போய்ப் பழக்கமில்லாதவன். பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் நடந்த என் கல்யாணத்துக்கே, பக்கத்துத் தெருவில் குடியிருந்த நான், பெண் வீட்டார் கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் போனேன். இந்தக் கேதீஸ்வரனுக்குத்தான் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் தாமதத்தை அளக்கும் வேலை. நீங்கள் விசாரணை அதிகாரி என்றாலும் இதற்குச் சிரிக்கலாம்.

வேலை இதுதான். தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை அதைத் தாண்டினால் கணினிக்குச் சமிக்ஞை போகும். அதை இண்டரப்ட் என்போம். கணினியின் அடிப்படை நிரலான கெர்னல், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மெஷினை நிறுத்த வேண்டும். வாசலில் மணி அடித்த பிறகு உள்ளே இருப்பவர் எழுந்து வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது மாதிரிதான். முன்பெல்லாம் மெஷினை நேராக நிறுத்தத் தனி மின்சுற்று ஒன்று இருந்தது. கணினியே போதும் என்று அதைக் கழற்றச் சொன்ன மேதையும் நான்தான்.

அளவுகள் அருமையாக வந்தன. அவற்றின் வரைபடத்தைக் கலரில் அச்சடித்து, பத்துமலை முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தினமும் இரண்டையும் கும்பிட்டேன். முருகனைக் கொஞ்சம் அவசரமாக.

ஒரே ஒரு சங்கடம். உற்பத்திக் கணக்கைப் பெரிய திரையில் வண்ணமாகக் காட்டும் நிரல் ஒன்றை நான் எழுதியிருந்தேன். அது தொடங்கும்போது, தன் வேலை முடியும்வரை எந்த இண்டரப்டையும் உள்ளே விடாது. மணி அடித்தாலும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு குளிக்கிற ஆள் மாதிரி. அதற்குள் பிரஸ் கீழே இறங்கிவிடும். இது அளவில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தத் திரைக்காகத்தான் மேனேஜர் ராதாகிருஷ்ணன் என் தோளில் தட்டியிருந்தார். என்னை யாரும் அதற்கு முன் தோளில் தட்டியதில்லை. அந்த அளவை 'கருவிப் பிழை' என்று குறித்து நீக்கினேன். வரைபடம் மறுபடி அழகானது.

பிரஸ்ஸில் வேலை செய்த பவுனம்மாள் ஒருநாள் என் அறைக்கு வந்தார்.

"தம்பி, சில நேரம் மெஷின் லேட்டா நிக்குது லா. பயமா இருக்கு."

வரைபடத்தைக் காட்டினேன். "பாருங்கக்கா, கோடு எவ்வளவு நேரா போகுது."

"எனக்குக் கோடெல்லாம் தெரியாது. நீங்க சொன்னா சரி லா."

மறுநாள் எனக்கு நாசி லெமாக் வாங்கி வந்து கொடுத்தார். நன்றாக இருந்தது. சம்பல் மட்டும் கொஞ்சம் காரம்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். "கேதீஸ், ஸ்கிரீன போடுங்க, பாக்கட்டும்," என்றார் ராதாகிருஷ்ணன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பவுனம்மாள் தெரிந்தார். மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்கக் கையை உள்ளே நீட்டப் போனார். பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் போடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பார்த்துக்கொண்டேதான் திரையின் பொத்தானை அழுத்தினேன். வண்ணங்கள் வந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவர் கத்தியது முதலில் எங்களுக்குக் கேட்கவில்லை.

வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன்.

"என் மேலதான் தப்பா தம்பி?" என்று கேட்டார்.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்கக்கா," என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குப் பெரிய நிம்மதி.

செய்தவன் நான்தான். தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தடவையையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி அசையவே இல்லை. எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கை உள்ளே போய் முழுசாக வெளியே வந்திருக்கிறது. அதற்கெல்லாம் காரணம் யார் என்று கேட்டு இதுவரை ஒருவர்கூட என்னைத் தேடி வரவில்லை.